கோயில் காம்பவுண்டு எல்கேஜி: ரெண்டு வருஷம் பிள்ளையை விட்டுப் பார்த்தபிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், கொஞ்சம் கடுமையாகவும் சொல்லப்போகிறேன், சின்னவனுக்கும் அங்கேதான் இடம் கேட்டு வைத்திருக்கிறேன், அதனால் அந்த டீச்சர்கள் முகத்தில் இன்னும் ரெண்டு மூன்று வருஷம் விழிக்கவேண்டியவள் நான். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம் போகிற பக்கம், ஒரு சபைக் கோயில் (சர்ச்சை எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வார்கள்) காம்பவுண்டுக்குள் நடக்கிற நர்சரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் இந்த மாதிரி நிறைய உண்டு, எது என்று தேடிக்கொண்டு கிளம்பவேண்டாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நான் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், கௌரவ விரிவுரையாளர், அதாவது பெயரில் மட்டும் கௌரவம். வீட்டுக்காரர் மெடிக்கல் ரெப், வாரத்தில் நாலு நாள் தூத்துக்குடி, கோவில்பட்டி என்று சுற்றுகிறவர். மகளுக்கு மூன்று முடிந்ததும் அவளை ஓடிப்பிடிக்க அத்தையால் முடியவில்லை, முட்டுவலி. சரி, எங்கேயாவது சேர்த்துவிடலாம் என்று ஒரு ஏப்ரல் மாத வெயிலில் தெருத்தெருவாக ஏறி இறங்கினோம்.

முதலில் போனது ஒரு பிளே ஸ்கூல். ஏசி, ரப்பர் தரை, சுவர் முழுக்கச் சிரிக்கிற கரடி. ஆறு வயதுக்குள் மூளை எவ்வளவு வளரும் என்று ஒரு பெண் அரைமணி நேரம் சொன்னார், கடைசியில் தொகையை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி மேசையில் எங்கள் பக்கமாகத் தள்ளினார். என் ரெண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். எழுந்து வந்துவிட்டோம். அப்புறம் அங்கன்வாடி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் ஆரம்பித்தபோது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு தட்டை நீட்டியது இந்த இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்தான், என் வீட்டுக்காரரே அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவர். ஆனால் எங்கள் தெரு மையம் அந்த நேரம் பார்த்து ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, அங்கே இருந்த அக்காவே "ஒரு ரெண்டு மாசம் போவட்டும்மா" என்றார். இப்படித்தான் கோயில் காம்பவுண்டுக்குள் நுழைந்தோம். பெரிய திட்டம், கொள்கை எதுவும் கிடையாது.

பெரிய டீச்சர் (ஹெட்மிஸ்ட்ரஸை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) எங்களிடம் மூளை வளர்ச்சி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மூணு நாளைக்கு நீங்களும் வாங்கம்மா. வேப்பமரத்து மூட்டுல உக்காந்துக்கிடுங்க. பிள்ளை திரும்பிப் பாக்கும்போது நீங்க தெரியணும், அவ்வளவுதான்" என்றார். முதல் நாள் அவள் ஜன்னல் வழியாக நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப்பார்த்தாள். ரெண்டாம் நாள் அழுதாள், ஆயாம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பதினொரு மணிவாக்கில் பார்த்தால், ஒரு சுளகை (முறம்) சுற்றி நாலு பிள்ளைகள் உட்கார்ந்து உளுந்தையும் பாசிப்பயறையும் தனித்தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒன்று என்னுடையது. நான் எழுந்து ஆட்டோ பிடித்ததை அவள் பார்க்கவே இல்லை.

அந்தப் பயறு பொறுக்குகிற வேலையை மாண்டிசோரி என்று சொல்லிப் பணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர் வந்ததால் வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கவும் நேர்ந்தது, அதிலிருந்து நம் ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு மவுசு. இவர்கள் போர்டில் அந்தப் பெயர் இல்லை. சுளகும், எண்ணிப் பழக ஒரு டின் நிறையப் புளியங்கொட்டையும், பல பேர் இடுப்பு தேய்த்துப் பளபளப்பான ஒரு மரச் சறுக்கும், எழுதிப் பழக ஆற்றுமணல் போட்ட தாம்பாளமும்தான் இருக்கின்றன. எல்கேஜி மிஸ் பனையோலையில் காற்றாடி செய்துகொடுப்பார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் கோயிலுக்கு வந்து இறங்குகிற ஓலையில் பாதி இவர்கள் வகுப்புக்குத்தான் போகும்போல, அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எங்கே காலை வைத்தாலும் ஓலைக் கிலுகிலுப்பை.

இப்போது நேரத்துக்கு வருகிறேன், என் கணக்கில் இந்தப் பள்ளியின் உயிரே அதில்தான் இருக்கிறது. போர்டில் 9.30 முதல் 12.30 என்று போட்டிருக்கிறது. உண்மையில் கேட் எட்டு மணிக்குத் திறக்கும், கடைசிப் பிள்ளை வெளியே போக நாலு ஆகிவிடும். ஏன் என்று கேட்டேன். பெரிய டீச்சர் ஒரே வார்த்தையில் "பீடி" என்றார்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக: இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு உண்டு. இலையை நனைத்து, அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி சுற்றினால்தான் அது முழுக் கூலி. சுற்றினதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துவிடுவார்கள், கழித்தது போனது போனதுதான். மடியில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. நடந்தாலும் பிள்ளை தூளில் கையை வைக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும், நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் இழுக்கும். ஒன்பதரைக்கு விட்டுப் பன்னிரண்டரைக்குக் கூட்டிவருவது என்றால் அந்த அம்மாவுக்கு என்ன பிரயோசனம், போக வர நேரமும் சாப்பாடு கொடுக்கிற நேரமும் போனால் முன்னூறு பீடிகூடத் தேறாது. அதனால் யாரோ ஒரு பெரிய டீச்சர் எப்போதோ கேட்டை எட்டுக்குத் திறக்க ஆரம்பித்து, மதியத்துக்குப் பாய் விரிக்க ஆரம்பித்திருக்கிறார். பத்தமடைப் பாய் என்று கற்பனை பண்ணவேண்டாம், ஓரம் பிரிந்த சாதாரணக் கோரைப்பாய், மேலே சபைப் பெண்கள் கொடுத்த பழைய சேலை. பிள்ளைகள் வரிசையாகத் தூங்குவார்கள், ஆயாம்மா விசிறிக்கொண்டே அவரும் தூங்குவார்.

வரலாறு படித்தவள் என்பதால் இங்கே ஒரு இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளுங்கள். 1770 வாக்கில் பிரான்ஸின் வோஜ் மலைப்பக்கம் வால்டர்ஸ்பாக் என்ற ஊரில் ஓபர்லின் என்று ஒரு லுத்தரன் போதகர் இருந்தார். ஏழை ஊர், பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. அவருடைய சபையில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தது உள்ளூர்ப் பெண்கள்தான், சாரா பன்செ, லூயிஸ் ஷெப்லர் என்று ரெண்டு பேர் பெயராவது நிலைத்திருக்கிறது. கையில் பின்னல் ஊசி, வாயில் பாட்டும் கதையும், வெளியே கூட்டிப்போனால் செடிகொடியின் பெயர். பின்னல் பள்ளி என்றே அதைச் சொல்வார்கள். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தது 1840-ல், கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்து. அங்கே பின்னல், இங்கே பீடி. எங்கள் கோயில் கமிட்டியில் யாருக்கும் ஓபர்லினைத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, தெரிந்து செய்ததும் இல்லை. ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டே இந்த ஜில்லாவில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒட்டிப்பிறந்தவை, அந்தப் பழக்கத்தில் வருகிறது.

பணம். மாதம் 500 ரூபாய், சேர்க்கும்போது ஒருதரம் 1,000, சீருடை தனி. ரசீது உண்டு. எனக்குப் பிடித்தது வாங்குகிற முறை. ஆபீஸ் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது, அட்டை பிய்ந்து செலோடேப் ஒட்டியது. வாரக்கூலி வாங்குகிற அம்மாமார் கூலி கைக்கு வந்த மறுநாள் நூறு, நூற்றைம்பது என்று கொடுப்பார்கள், அது அப்படியே அவர்கள் பெயருக்கு நேரே ஏறும். என் முறை வந்தபோது தலைகீழாக அந்தப் பக்கத்தைப் பார்த்தேன் (பார்க்கக்கூடாதுதான்). சில பெயர்களுக்கு நேரே தொகையே இல்லை, வெறும் பென்சில் புள்ளி. என்ன மேடம் இது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் நோட்டை மூடி, "அது கோயில் கணக்கும்மா, நீங்க மிச்சச் சில்லறையை எடுத்துக்கிடுங்க" என்றார். ரெண்டு வருஷத்தில் அந்தப் புள்ளிக்காரப் பிள்ளை எது என்று எனக்குத் தெரிய வந்ததே இல்லை. சீருடையிலோ, ஆண்டுவிழாவில் நிற்கிற வரிசையிலோ, எதிலும் வித்தியாசம் காட்டமாட்டார்கள்.

அந்தக் கோயில் கணக்குக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நவம்பரில் தெரிந்தது. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு (விளைச்சலுக்கு நன்றி சொல்கிற சபைத் திருவிழா) பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம். வாழைத்தார், பூசணிக்காய், கட்டின சேவல், வீட்டு முறுக்கு, இளநீர்க் குலை, ஒரு பெரியம்மா கொல்லையில் காய்த்த ஏழு முருங்கைக்காய், இப்படி ஒவ்வொருவரும் கொண்டுவந்து படைத்தது. ஏலம் விட்டவர் ரிட்டயரான ஒரு சார், மைக்கைக் கொடுத்தால் போதும், மனுஷன் கூத்துக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். ஐம்பதில் ஆரம்பித்த பூசணிக்காய் 900-த்துக்குப் போனது. எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ரெண்டடி நடந்து, திரும்ப வந்து மேசையிலேயே வைத்துவிட்டார், மறுபடி ஏலம், மறுபடி 700. ஒரே பூசணிக்காய் நாலு பேரிடம் பணம் வாங்கிவிட்டு யார் வீட்டுக்கும் போகாமல் சாயங்காலம் அசனச் (சபை விருந்து) சாம்பாரில் விழுந்தது. நானும் ஆவேசத்தில் கையைத் தூக்கி ரெண்டு கிலோ கருப்பட்டியை 1,100-க்கு எடுத்தேன், வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். கருப்பட்டி சுத்தமானது, அதையும் சொல்லவேண்டும், சீனி கலப்படம் இல்லை. அந்த ஏலப் பணத்தில் ஒரு பங்கு நர்சரிக்கு. இதுபோகக் கைப்பிடி அரிசி என்று ஒன்று, சபை வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது. புதன்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பொங்கல் அந்த அரிசி. ஐம்பது வீட்டு அரிசி கலந்தது என்பதால் ஒரு பருக்கை குழைந்திருக்கும், ஒரு பருக்கை நறுக்கென்று நிற்கும், என் மகள் அதைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை, என் சமையலைப் பற்றித்தான் சொல்வாள்.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்வி: மதம் மாத்துவாங்களா? அத்தையே முதலில் கேட்டது இதைத்தான். சேர்க்கைப் படிவத்திலேயே ஜெபத்திலும் வேதாகமக் கதை நேரத்திலும் பிள்ளை கலந்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு வரி இருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கக்கூடாது என்கிறது; எத்தனை பள்ளிகள் அதைக் கேட்கின்றன என்று நினைத்துப்பாருங்கள். நாங்கள் சம்மதம் என்று போட்டோம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், காலையில் ஒரு பாட்டு கைகால் ஆட்டி, சாப்பிடும் முன் கண்ணை மூடி ரெண்டு வரி ஜெபம், வெள்ளிக்கிழமை ஒரு கதை. ஒரு மாதத்தில் வீட்டிலும் தட்டின் முன்னால் கண்ணை மூட ஆரம்பித்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நாள் கழித்து, "கண்ணைத் தொறந்ததும் முருகா சொல்லிட்டுச் சாப்பிடு தாயி" என்றார்கள். அவளும் ரெண்டையும் செய்கிறாள். சாப்பாடு ஆறிப்போகிறது, வேறு நஷ்டம் இல்லை.

வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம் பிள்ளைகள், மேலப்பாளையத்துப் பக்கம் என்றால் அப்படித்தானே இருக்கும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு முன்னால் பெரிய டீச்சர் அந்த அம்மாமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிள்ளை வேஷம் போடலாமா, போட்டால் எது சம்மதம் என்று கேட்டதை நான் பார்த்தேன். ஒருவர் வேண்டாம் என்றார், அந்தப் பையனுக்குத் திரை இழுக்கிற வேலை. மேடையில் அவன்தான் ராஜா, இஷ்டத்துக்கு இழுத்து மூடிவிட்டான், ஞானிகள் மூன்று பேரும் வெளியே மாட்டிக்கொண்டார்கள். என் மகள் ஆடு. ஒட்டகம் கிடைக்கவில்லை என்று மூன்று நாள் கோபம்.

ஒரே ஒரு தடவை எனக்கு முகம் சுளித்தது, மறைக்கமாட்டேன். பெற்றோர் தினம் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு விருந்தினர் ஒலிபெருக்கியில் நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். பிள்ளைகள் படிப்பு பற்றி ரெண்டு வரி, மீதி முழுக்க எங்களைப் பற்றி, அதாவது எங்கள் ஆத்துமாவைப் பற்றி. பீடி சுற்றுகிற பெண்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது என் பிள்ளை எப்படி இருக்கிறது என்ற ஒரு பதில். மறுவாரம் பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை, "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். அடுத்த வருஷம் அந்த நாளில் ஒவ்வொரு அம்மாவையும் தனியாக ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசினார்கள், பிரசங்கம் இல்லை. குறை சொன்னால் கேட்கிற இடம் என்பதற்கு இதை ஒரு மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் குறையையும் கேட்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யூகேஜி வகுப்பு நடப்பது கோயில் மண்டபத்தில். முகூர்த்த நாள் வந்தால் மண்டபம் கல்யாணத்துக்குப் போய்விடும், வகுப்பு வராந்தாவுக்கு. ஒரு ஆவணியில் மட்டும் ஐந்து நாள் இப்படி. வராந்தாவில் ஏ ஃபார் ஆப்பிள், நாலடி தள்ளி அண்டாவில் பிரியாணி தாளிக்கிறார்கள், எந்தப் பிள்ளை ஆப்பிளைப் பார்க்கும்? இருக்கிற ரெண்டு கழிப்பறையில் ஒன்றைக் கல்யாண வீட்டார் பூட்டி வைத்துக்கொள்வார்கள். மண்டப வாடகை சபைக்கு வருமானம், அது எனக்குப் புரிகிறது, கழிப்பறைச் சாவி புரியவில்லை. ரெண்டு தடவை எழுதிக்கொடுத்தேன், பதில் வரவில்லை.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப். காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு ஒரு வசனம் வரும். அதற்கு ஆமென், ஆமென் என்று இருபது பேர். அதைப் பார்த்து இன்னொருவர் இன்னொரு பூ. நடுவில் எங்கேயோ "சபை மூப்பர் காலமானார், இன்று நர்சரி விடுமுறை" என்று ஒரு வரி. நான் அதைப் பார்க்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு பூட்டின கேட்டு முன்னால் நின்றேன், முதல் பீரியட் போச்சு, துறைத்தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அறிவிப்புக்கு மட்டும் தனி குரூப் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் போன ஜூனில் வைத்தார்கள். இப்போது அதிலும் பூ வர ஆரம்பித்திருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 பிள்ளைகள் எரிந்தபோது நான் பள்ளி மாணவி, எங்கள் வகுப்பில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. அதனால் சேர்க்கும்முன் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று மூன்றையும் காட்டச் சொன்னேன். பிளே ஸ்கூலில் இதே கேள்விக்கு ஒரு புன்சிரிப்பு கிடைத்தது. இங்கே ஃபைலைத் தூக்கி மேசையில் போட்டார்கள், தேதி பார்த்தேன், நடப்பில் இருந்தது. ஓட்டுக்கூரை இல்லை, கான்கிரீட். சமையல் தனிக் கட்டடம், கேஸ் சிலிண்டர் வெளிச்சுவரில். பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்று போட்டோவோடு எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒருநாள் என் தம்பியை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டார்கள், மாமா என்று பிள்ளை ஓடிவந்தும் விடவில்லை, எனக்குப் போன் போட்டபிறகுதான். அவனுக்குக் கோபம். எனக்கு நிம்மதி.

படிப்பு எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் வருஷம் அருமை, இரண்டாம் வருஷம் சுமார். எல்கேஜியில் மணலும் பயறும் கதையுமாக இருந்தவர்கள் யூகேஜியில் திடீரென்று நாலுவரி நோட்டும் வீட்டுப்பாடமுமாக மாறிவிட்டார்கள். நாலரை வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் பி, டி எழுதிவரச் சொல்வது அநியாயம் என்று மிஸ்ஸிடம் சண்டைக்கே போனேன். "நாங்க எழுதச் சொல்லலேன்னா ஒண்ணும் சொல்லித்தரலன்னு அடுத்த ஸ்கூலுக்குப் போயிருதாவ மேடம். உங்கள மாதிரி ஒருத்தர் வேண்டாம்பாவ, இருபது பேரு ஏன் எழுதலன்னு கேக்காவ" என்றார். உண்மைதான். பிள்ளையை இங்கிலீஷ் எழுத வைக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த அம்மா ஆயிரம் பீடி சுற்றுகிறாள், அவளிடம் போய்ப் பயறு பொறுக்கினால் போதும் என்று நான் எந்த வாயால் சொல்வது. ஆனாலும் பெரிய டீச்சர் நினைத்தால் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். வகுப்புக்கு 28 பிள்ளை, ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா, இதுவும் அதிகம்.

இப்போது என்னை உறுத்துகிற விஷயம். இந்தப் பள்ளியில் எதைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற வார்த்தை ஊழியம், அதாவது கடவுளுக்கென்று செய்கிற சேவை. கேட்டை எட்டுக்குத் திறக்கிறார்களா, ஊழியம். புள்ளி போட்ட பிள்ளைகளா, ஊழியம். நல்லது. டீச்சர்களுக்கு மாதம் எவ்வளவு என்று நான் ஒருநாள் எல்கேஜி மிஸ்ஸிடம் கேட்டேன், அவர் சொன்ன தொகையை இங்கே எழுதமாட்டேன், அவருக்குச் சங்கடம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா நாலு வீட்டில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். மிஸ் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "ஊழியம்லா மேடம்."

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அதே காம்பவுண்டில் சபையின் தொடக்கப்பள்ளியும் இருக்கிறது, அரசு உதவி பெறுவது. அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அரசாங்கச் சம்பளம். நர்சரி சுயநிதி, எல்கேஜிக்கு அரசு மானியம் கிடையாது. நம் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை என்று இருப்பதே ஆறு வயது முதல் பதினான்கு வரைதான், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு முயற்சி செய்யும் என்று ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே சுவர். அந்தப் பக்கம் பிள்ளைக்கு அ சொல்லிக்கொடுப்பவர் பென்ஷன் பற்றி யோசிக்கிறார், இந்தப் பக்கம் அதே அ சொல்லிக்கொடுத்து, மூக்கைத் துடைத்து, டிரவுசரும் மாற்றிவிடுகிறவர் மே மாதத்தை நினைத்துப் பயப்படுகிறார். மே மாதம் சம்பளம் இல்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, எங்களுக்கும் மே மாதம் சம்பளம் இல்லை, கௌரவ விரிவுரையாளர் ஆயிற்றே.

போன மே மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம், கொழுந்தன் கல்யாணத்துக்கு. மூன்றாம் மாடியில் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து மகள் "மிஸ்!" என்று கத்தினாள். எல்கேஜி மிஸ்தான். கடைச் சீருடைச் சேலை, கழுத்தில் பெயர் அட்டை. ஒரு நொடி அவர் முகம் ஒருமாதிரி ஆனது, அப்புறம் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "லீவுல எழுதுதியா மக்ளே, இல்ல டிவி மட்டுந்தானா?" என்றார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தேவையில்லாமல் இன்னும் நாலு சேலையை எடுத்துக் காட்டச் சொன்னேன், அவருடன் ரெண்டு நிமிஷம் நிற்பதற்காக. மிஸ் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். மகள் கீழே உட்கார்ந்து, எடுத்துப்போட்ட சேலைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள், அவர் சொல்லிக்கொடுத்த வேலை.

ஜூன் மாதம் கட்டணம் கட்டப் போனபோது ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வார்கள்) ஆபீஸில் இருந்தார். நான் கேட்டேவிட்டேன்: கட்டணத்தில் நூறு ரூபாய் ஏற்றி, கொடுக்க முடிகிற எங்களை மாதிரி ஆட்களிடம் வாங்கி, மிஸ்மாருக்கு மே மாதச் சம்பளம் கொடுக்கக்கூடாதா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. கமிட்டியில் அவருக்கு இருக்கிற சண்டையே வேறு என்று அப்புறம் தெரிந்தது. ரோட்டுப் பக்கச் சுவரை இடித்துப் பத்துக் கடை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன வரும், நர்சரி நடத்தி என்ன வருகிறது என்று வருஷாவருஷம் ஒரு கேள்வி எழுகிறதாம். "இத்தனை வருசத்துல இதனால எத்தனை பேர் சபைக்கு வந்தாவன்னு கேக்காவ" என்றார். எத்தனை பேர் என்றேன். "ஒருத்தரும் இல்ல" என்று சிரித்தார். "ஆனா நம்ம பிள்ளைக்கு ஒண்ணுன்னா மேலப்பாளையத்துல பாதிப் பேர் ஓடி வருவாவ. அதை எந்தக் காலத்துல எழுத?" மே மாதச் சம்பளத்தைக் கமிட்டியில் வைக்கிறேன் என்றார். பாதிச் சம்பளம் என்று தீர்மானம் ஆகியிருப்பதாகப் போன மாதம் கேள்விப்பட்டேன். பாதி என்பது எனக்குப் போதவில்லை, நான் விடப்போவதில்லை. கொடுக்கக்கூடியவர்கள் யாராவது பிள்ளையைச் சேர்த்தால், ஐநூறோடு நிறுத்தாமல் டீச்சர் சம்பளக் கணக்கு என்று எழுதச் சொல்லித் தனி ரசீது கேளுங்கள். சும்மா நன்கொடை என்று கொடுத்தால் அது பெயிண்டுக்கும் போகும், ஒலிபெருக்கிக்கும் போகும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை. கழிப்பறைச் சாவி கிடைத்தால் நாலு.

சேர்க்கிறவர்களுக்கு: எல்கேஜிக்கு மூன்று முடிந்திருக்கவேண்டும், படிவம் ஏப்ரல் இரண்டாம் வாரம் கொடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாங்கினால் கூட்டம், திங்கட்கிழமை போங்கள். பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை நகல். மாற்றுத் துணி ரெண்டு செட், தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் அதே பச்சை பாட்டில்தான். காலை 9.40-க்குமேல் கேட் பூட்டு, கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள், ஆனால் எட்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டால் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.